ஒரு நாளைக்கு இருபத்தேழு மணி நேரம்

எங்கள் நர்சிங் கல்லூரியின் ஆபீஸ் சூப்பரின்டெண்டன்ட் ஞானவேல் பொய் எழுதினார். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினார். அதனால் அது பொய் இல்லையென்று ஆகிவிடாது. அந்தப் பொய்யைத் திருத்தி வாங்குவதற்காக ஜெர்மனியிலிருந்து புதுச்சேரிக்கு ஒன்பது நாள் லீவில் போய்வந்தேன். அந்த ஒன்பது நாளில் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ். நாலு வருஷம் படித்துவிட்டு ஏழு வருஷம் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனிக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் இருக்கிறேன், உதவியாளராக. என் படிப்பை அந்த நாட்டு ஆபீஸ் ஒப்புக்கொண்டால்தான் நான் அங்கே நர்ஸ். அதுவரைக்கும் குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம், படுக்கை மாற்றலாம். ஊசியைத் தொடக்கூடாது. ஏழு வருஷம் ஐசியூவில் நின்றவள், இப்போது மாத்திரை டப்பாவை எடுத்து இன்னொருத்தியிடம் நீட்டுகிறேன். அவள் அதைத் திறந்து கொடுக்கிறாள். நர்ஸ் ஆனால்தான் மூலக்குளத்தில் இருக்கிற என் கணவரையும் மகளையும் கூட்டிக்கொள்ள வழி பிறக்கும்.

ஒப்புதல் ஏன் வரவில்லை? படித்த காலத்தில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கல்லூரி ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஞானவேல் கொடுத்தார். அதே சான்றிதழின் முதல் பக்கத்தில் நான் பயிற்சிக்குப் போன நாட்களின் கணக்கும் இருக்கிறது. ஜெர்மன் ஆபீஸில் இருக்கிற பெண்மணி மணி நேரத்தைக் கூட்டி, நாட்களால் வகுத்துவிட்டார். ஒரு நாளைக்கு இருபத்தேழு மணி நேரம் வந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மிகவும் அக்கறையாகக் கேட்டார். "எங்கள் நாட்டில் வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் நாற்பத்தைந்து நிமிடம்தான். உங்கள் நாட்டிலும் அப்படியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு விநாடி நினைத்தேன். அவரே கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். "அப்படி எடுத்துக்கொண்டாலும் இருபது மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நீங்கள் எப்போது தூங்கினீர்கள்?"

அடுத்த மாதக் கடைசிக்குள் திருத்திய சான்றிதழ் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்றார். மூடினால் உதவியாளர் வேலையும் அதற்குக் கொடுத்த விசாவும் முடியும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சான்றிதழை அனுப்புவதற்கு முன்னால் நானும் பார்த்தேன். படுக்கை விரித்தல் மட்டும் அறுநூறு மணி நேரம் என்று இருந்தது. நிறைய இருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்தேன். கூட்டிப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

முதல் நாள். பஸ் ஸ்டாண்டுக்கு என் கணவர் ஏழுமலை பைக்கில் வந்தார். முப்பது கிலோ பெட்டியைப் பின் சீட்டில் வைத்து, அதை என் முதுகால் தாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார். நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். "பெட்டிக்கும் எனக்கும் நடுவுல" என்றார். சிக்னலில் பிரேக் போட்டதும் பெட்டி சரிந்து நடு ரோட்டில் வாய் பிளந்தது. கல்லூரிக்காரர்களுக்காக வாங்கிய சாக்லேட் பாக்கெட்டுகள் ஒரு டெம்போவின் அடியில் போய்ச் சேர்ந்தன. டெம்போவிலிருந்து நாலு பேர் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒன்று கொடுத்தார். ஜெர்மனியில் என் ஊரில் பெட்டி விழுந்திருந்தால் யாரும் தொடமாட்டார்கள். போலீசுக்கு வேண்டுமானால் போன் செய்வார்கள்.

வீட்டில் என் கணவர் காலையிலேயே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். ஜெர்மனியில் ஒரே ஒரு முறை கருவாடு வறுத்தேன். மேல்மாடிக்காரர் கேஸ் கசிகிறதென்று கம்பெனியைக் கூப்பிட்டுவிட்டார். அதற்கப்புறம் சாயங்காலம் ஆனால் ரொட்டியும் சீஸும்தான். சாப்பிட்டு முடிப்பதற்கே நாலு நிமிஷம்கூட ஆகாது. இங்கே ஒரு மணி நேரம் சாப்பிட்டேன். அதையும் ஞானவேல் எங்காவது சேர்த்து எழுதியிருப்பார்.

மகள் யாழினிக்கு எட்டு வயது. போனில் ஜெர்மன் பாடம் படிக்கிறாள். எனக்கு முன்னால் நின்று ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் ஜெர்மன் மொழியில் எண்ணிக் காட்டினாள். முடித்துவிட்டு, "இந்த தடவ கூட்டிட்டுப் போயிடுவியா, இல்ல இன்னும் எண்ணணுமா?" என்றாள்.

ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்றேன்.

"ஒண்ணுதானே. அப்பாவப் போடச் சொல்லு."

இரண்டாம் நாள் கல்லூரிக்குப் போனேன். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே படிக்கிற பிள்ளைகள் பாவம். கேட்டில் என் படம் தொங்கியது. ஆள் உயர பேனர். "ஜெர்மனியில் பணிபுரியும் எங்கள் மாணவி தனலட்சுமி" என்று போட்டிருந்தது. எனக்குப் பின்னால் ஈபிள் கோபுரம். பேனர் கடையில் வெளிநாடு என்றால் அந்த ஒரு படம்தானாம். எங்கள் ஊரில் வெளிநாடு என்றாலே பிரான்ஸ். வேறு நாடெல்லாம் அதற்குப் பக்கத்தில் இருக்கிற தெருக்கள்.

ஞானவேல் எழுந்து நின்று வரவேற்றார். அவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். நெற்றியில் பட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. ஆபீஸ் மூலையில் சரஸ்வதி படம், அதன் கீழே ஒரு பலகை, பலகையின் மேல் பச்சை அட்டை போட்ட நாலு தடிப் புத்தகம். சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. படிக்கிற காலத்துப் பழக்கம், நானும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"கொறைக்கறதா? இத்தினி வருஷத்துல எவளும் வந்து எனக்குக் கொறைச்சிப் போடுங்கன்னு கேட்டதில்லம்மா."

"சார், ஒரு நாளைக்கு இருபத்தேழு மணி நேரம் வருது சார்."

"வரட்டுமே. கடுமையா உழைச்சிருக்கேன்னு தெரியுமில்ல."

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் சார் இருக்கு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அது நீ எப்படி எடுத்துக்கறேங்கறதப் பொறுத்தது" என்றார்.

பிறகு விளக்கினார். எனக்கு முன்னால் போன ஒரு பெண்ணுக்கு மணி நேரம் குறைவு என்று திருப்பி அனுப்பினார்களாம். அவள் இங்கே வந்து அழுதாளாம். அடுத்து வந்தவளுக்கு இவர் இரண்டு மடங்காகப் போட்டுக் கொடுத்தார். அவள் பாஸ். அதற்கடுத்தவளுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அவளும் பாஸ். "நீ நல்லாப் படிச்ச பொண்ணு. அவங்களவிடக் கொறைவாப் போட எனக்கு மனசு வருமா? ஒரு கட்டங்கூடக் காலியா உடல. காலியா உட்டா ஆப்ஜெக்‌ஷன் வரும்."

"உண்மையான கணக்கு எங்க சார்? வார்டுல நாங்க தெனமும் கையெழுத்துப் போட்ட டூட்டி ரிஜிஸ்டர்?"

"அது கரையான் தின்னுடுச்சு. ஒங்க பேட்ச் மொத்தமும் போச்சு." நான் கொடுத்த சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டார். "ஏத்தறதுக்கு ஃபார்ம் இருக்கு. கொறைக்கறதுக்கு ஃபார்ம் கெடையாது. மேடமப் பாரு."

மேடம் என்றால் பிரின்சிபால். அவர் அன்று இல்லை.

மூன்றாம் நாள் என் பைக்குக்காரருக்கு வேறு வேலை. டெம்போவில் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பத்து நிமிஷம் கழித்து, "அக்கா, நீங்க அந்த பேனர் அக்காதானே? பாரீஸ்ல இருக்கீங்க?" என்றார்.

ஜெர்மனி என்றேன்.

"அதான். எம் மச்சான் பாரீஸ்லதான் இருக்கான். எலுமிச்ச ஊறுகா ஒரு டப்பா குடுத்து அனுப்பவா? போற வழிதானே."

போகிற வழியில் இல்லை என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி இருமிவிட்டு நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். நகரவில்லை. "பேனர் அக்கா, நீங்களும் ஒரு கை போடுங்க, ஃபாரின் பலம்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். தள்ளினேன். அந்த ஊர் முதியோர் இல்லத்தில் நூறு கிலோ கிழவரைத் தூக்குவதற்கு ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். கையால் தூக்கினால் என்னைக் கூப்பிட்டு எச்சரிப்பார்கள். உழவர்கரை வெயிலில் டெம்போ தள்ளும்போது அந்த மிஷினை நினைத்துக்கொண்டேன்.

பிரின்சிபால் இருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"தனலட்சுமி, நீங்க கேக்கறது புரியுது. ஆனா இப்ப கொறைச்சிக் குடுத்தா முன்ன குடுத்தது தப்புன்னு ஆயிடும். அந்த மாதிரி சர்டிபிகேட் வாங்கிட்டு பதினோரு பொண்ணுங்க அங்க வேல பாக்கறாங்க. அவங்க வேலைக்கு யார் பதில் சொல்றது?"

எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி எனக்கு ஜூனியர். முந்தைய வாரம்தான் போன் செய்தாள். "அக்கா, தயவு செஞ்சி இதக் கெளப்பாத. என்னுது பதினாறு மணி நேரம்தான் வருது, அவங்க வகுத்துப் பாக்கல" என்றாள். அவளுக்கு வாய்த்த ஆபீசர் கால்குலேட்டரை எடுக்கவில்லை. எனக்கு வாய்த்தவர் எடுத்துவிட்டார்.

"ரிஜிஸ்டர் இருந்தா காமிங்க, பாக்கலாம்" என்று பிரின்சிபால் முடித்தார். கரையான் தின்றதைக் காட்டச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அன்று மத்தியானம் ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் ஒரு வயசானவர் நின்றார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, தோல் பை. கடைக்காரர் அவரை முசே என்று கூப்பிட்டார், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற குடும்பம், பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தான் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் அவர் ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டுமாம்.

"போன தடவ நவம்பர்ல உயிரோட இருக்கேன்னு அனுப்பினேன்" என்று அவர் கடைக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். "அக்டோபர்ல உயிரோட இருந்தேனான்னு ஆதாரம் கேக்கறான். அக்டோபர்ல செத்துட்டு நவம்பர்ல எந்திரிச்சி வந்து கியூல நின்னேனா?"

"செத்தாதான் முசே கியூ இருக்காது" என்றார் கடைக்காரர்.

என் காகிதத்தை அவர் எட்டிப் பார்த்தார். என்னவென்று கேட்டார். சொன்னேன். அவ்வளவு நேரம் கத்தியவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "எனக்கு உயிரோட இருந்ததுக்கு சர்த்திபிக்கா கேக்கறான். ஒனக்குத் தூங்கினதுக்குக் கேக்கறான். ரெண்டு பேரும் சேந்து போயி மேரி வாசல்ல படுத்துக்கலாம் வா." மேரி என்று அவர் சொல்வது பழைய நகரசபைக் கட்டடத்தை. அதன்பின் எனக்கு ஒரு யோசனையும் சொன்னார். ஒரு நாளைக்கு இருபத்தேழு மணி நேரம் வருகிறதென்றால் நாட்களைக் கூட்டிக் கேட்கச் சொன்னார். மணியைக் குறைக்க யாரும் ஒப்பமாட்டார்கள், நாட்களை ஏற்ற உடனே ஒப்புவார்கள் என்றார். கேட்கிறபோது அறிவாகத்தான் இருந்தது. நாட்களை ஏற்றினால் படிப்பு ஏழு வருஷமாகிவிடும், நான் மூன்று வருஷம் பெயிலானவள் என்று ஆகும். வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் ஞாயிறு. மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். சுண்டல் தின்றுகொண்டே, ஜெர்மனியில் கடல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, என் ஊரில் இல்லை என்றேன். "அப்ப நான் வந்து என்னா பண்றது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நீ இருப்ப இல்ல" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மறுபடி ஆபீஸ். ஞானவேல் டீ குடிக்கப் போயிருந்தார். பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா என்னைப் பார்த்துத் துடைப்பத்தைச் சாய்த்துவைத்தார். நான் படிக்கிற காலத்திலிருந்து அங்கே ஆயம்மா வேலை பார்க்கிறவர். எங்களுக்கெல்லாம் பாடம் நடத்திய மிஸ்களைவிட அவருக்கு எங்களைத் தெரியும்.

"இன்னா தனம், தெனமும் வர்ற? பேனரு காத்துல பிச்சிக்கிச்சா?"

கதையைச் சொன்னேன். கரையான் தின்ற ரிஜிஸ்டரைப் பற்றியும் சொன்னேன்.

"கரையானா? எந்தக் கரையான்? ஒங்க பேட்ச் டூட்டி புக்குதானே? பச்ச அட்ட?" அவர் சரஸ்வதி படத்தின் பக்கம் கையை நீட்டினார். "அதுக்கு வருஷா வருஷம் நாந்தான் சந்தனம் வெக்கறேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். பலகையின் மேல் நாலு தடிப் புத்தகம்.

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்கு ஆபீஸ் ரிஜிஸ்டர்களைப் படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். மறுநாள் எடுத்துவிட வேண்டும். எங்கள் பேட்ச் ரிஜிஸ்டர்களை அடுக்கிய வருஷம் எங்கள் படிப்பு முடிந்திருந்தது. அந்த ரிஜிஸ்டர்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரே அளவில், ஒரே பச்சை அட்டையில் பார்க்க அழகாகவும் இருந்தன. ஞானவேல் அங்கேயே விட்டுவிட்டார். அடுத்த வருஷம் புழக்கத்தில் இருந்த ரிஜிஸ்டர்களை எடுத்து வைக்கச் சோம்பல். இருக்கிறவற்றுக்கே பொட்டு வைத்தார்கள். அப்படியே ஆகிவிட்டது. நான் எத்தனை மணி நேரம் வேலை செய்தேன் என்கிற உண்மை இத்தனை வருஷமும் அந்த ஆபீஸிலேயே இருந்திருக்கிறது. அதற்குக் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் நானே தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அது எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

எடுக்கப் போனேன். ஞானவேல் டீயோடு உள்ளே வந்தார்.

"தொடாதம்மா. சாமி புக்கு."

"சார், இது டூட்டி ரிஜிஸ்டர்."

"இருந்திச்சி. இப்ப சாமி புக்கு. பூஜையில வெச்சத எடுத்தா நிர்வாகத்துக்கு ஆகாது."

"பூஜையில வெச்ச மறுநாள் எடுத்துப் படிக்கணும்னுதான் சார் நம்ம ஊர்ல சொல்லுவாங்க" என்றேன். "நீங்க படிக்கறதத் தவிர எல்லாம் பண்ணியிருக்கீங்க."

அஞ்சலை அக்கா துணியால் பலகையைத் துடைக்கிற மாதிரி நாலையும் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார். "தூசி தட்டணும் சார். அதுவரைக்கும் தனம் வெச்சிருக்கட்டும்."

சந்தனம் காய்ந்து பக்கங்களின் ஓரம் ஒட்டியிருந்தது. நடுவில் பொரி, கடலை. மெல்லப் பிரித்தேன். பத்தொன்பது வயசில் நான் போட்ட கையெழுத்து, ஒவ்வொரு நாளும் வந்த நேரம், போன நேரம், எந்த வார்டு, வார்டு சிஸ்டரின் கையெழுத்து. ஒரு இடத்தில் இருபது நிமிஷம் தாமதம் என்று சிவப்பு மையில் இருந்தது. அன்று பஸ் வரவில்லை. நானும் அஞ்சலை அக்காவும் உட்கார்ந்து கூட்டினோம். அவர் வாசிக்க, நான் எழுதினேன். ஐந்தாம் நாள் சாயங்காலமும் ஆறாம் நாள் முழுவதும் ஆனது. மத்தியானம் கல்லூரி வாசலில் பரோட்டா வாங்கி, சால்னா ரிஜிஸ்டரில் படாமல் கையை நீட்டி நீட்டித் தின்றோம்.

ஒரு நாளைக்குச் சராசரி ஏழு மணி நேரம் வந்தது.

இனிமேல்தான் எனக்கு ஆத்திரம் வந்த இடம். ஜெர்மன் ஆபீஸ் கேட்கிற மணி நேரத்தின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாப் பிரிவிலும் போதுமான அளவு இருந்தது, ஒன்றைத் தவிர. முதியோர் பராமரிப்பு. அது எங்கள் படிப்பில் தனியாக இல்லை. நம் ஆஸ்பத்திரியில் வயசானவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கூட இருக்கிற மகளோ மருமகளோ செய்கிற வேலை, நர்ஸ் செய்ய மாட்டாள். ஞானவேல் அதற்கு நேராகத்தான் ஆகப் பெரிய எண்ணைப் போட்டிருந்தார். அந்த ஒன்றுக்கு அங்கே சில மாதம் பயிற்சி எடுத்தால் சரியாகிவிடும். அதுவும் நான் ஏற்கெனவே இரண்டு வருஷமாக அங்கே செய்துகொண்டிருக்கிற அதே வேலை. உண்மையை அப்படியே எழுதியிருந்தால் போன வருஷமே நான் நர்ஸ்.

ஏழாம் நாள் ரிஜிஸ்டர்களைப் பிரின்சிபால் மேஜையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். சந்தனம் விரலில் ஒட்டியது. துடைத்துக்கொண்டார். ஞானவேல் பக்கத்தில் நின்றார்.

"ஏழுன்னு குடுக்க முடியாது" என்றார் பிரின்சிபால். "இருபத்தேழு எங்க, ஏழு எங்க. நம்மளப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

ஞானவேல் சமாதானத்துக்கு வந்தார். "மேடம், ஒரு இருபத்தி மூணாப் போட்டுக்கலாம். இருபத்தி நாலுக்கு உள்ள வந்துடுது. பொண்ணுக்கும் பிரச்சனை இல்ல."

"அந்த மீதி ஒரு மணி நேரத்துல நான் என்னா சார் பண்ணேன்?"

"பஸ்ல போயிட்டு வந்த."

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குவது மாதிரி ஆகிவிட்டது. பிரின்சிபால் பதினெட்டு என்றார். நான் ஏழு என்றேன். ஞானவேல் பதினாறு என்றார், என் ஜூனியருக்குக் கொடுத்ததுதானாம், நல்ல ராசியான எண்ணாம். நான் ஏழு என்றேன். பதினாலு. ஏழு. கடைசியில் பிரின்சிபால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பன்னண்டு. அதுக்குக் கீழ எறங்கினா இந்தக் காலேஜுக்கு மரியாதை இல்ல. வேணும்னா இப்பவே டைப் பண்ணச் சொல்றேன். இல்லன்னா விட்டுடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். கேட்டில் என் பேனருக்குக் கீழே நின்று கணவருக்குப் போன் செய்தேன்.

"பன்னண்ட வாங்கிக்கினு போயேன் தனம்" என்றார் ஏழுமலை. "அவங்களே எறங்கி வந்துட்டாங்க. ஒரு மனுஷி பன்னண்டு மணி நேரம் வேல செய்ய மாட்டாளா?"

"செய்வாங்க. நான் செய்யல."

"புள்ள எண்ணிக்கினு இருக்குது."

அவர் சொன்னது நியாயம். நான் அங்கேயே பத்து நிமிஷம் நின்றேன். பன்னிரண்டு பார்க்க உண்மை மாதிரிதான் இருக்கும். ஜெர்மன் ஆபீஸ் பெண்மணி ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வார். ஆனால் அந்த முதியோர் இல்லத்தில் தினமும் வேலை முடிகிறபோது நான் ஒரு தாளில் எழுதுகிறேன். இன்னாரைக் குளிப்பாட்டினேன், இத்தனை நிமிஷம். இன்னார் சாப்பிடவில்லை. இன்னாருக்கு முதுகில் சிவந்திருக்கிறது. கீழே கையெழுத்து. செய்யாததை எழுதினால் ஒரு கிழவிக்கு முதுகில் புண் வரும், யாரும் பார்க்கமாட்டார்கள். நர்ஸ் வேலையில் பாதி அந்தத் தாள்தான். அந்த வேலையைச் செய்ய எனக்குத் தகுதி உண்டு என்பதற்கே ஒரு பொய்த்தாளைக் கொண்டுபோய் நீட்டுவதா? முதல் தடவை தெரியாமல் நீட்டினேன். இந்தத் தடவை தெரிந்து நீட்ட வேண்டும்.

உள்ளே போய் வேண்டாம் என்றேன். "ஏழு. இல்லன்னா எழுதவே வேணாம்."

"எழுதல" என்றார் பிரின்சிபால்.

எட்டாம் நாள் ரிஜிஸ்டரின் பக்கங்களைப் போட்டோ எடுக்க மட்டும் அனுமதி கேட்டுப் போனேன். கேட்டில் என் பேனர் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். ஈபிள் கோபுரம் தலைகீழாக இருந்தது. ரிஜிஸ்டர்கள் மறுபடி பலகைக்குப் போயிருந்தன, புதுச் சந்தனத்தோடு. ஞானவேல் என்னைப் பார்க்காமல் ஒரு தாளில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். அனுமதி உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அஞ்சலை அக்கா ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துக்கொள்ள, நான் எடுத்தேன்.

"போயிட்டு வா. அடுத்த பூஜைக்கு நான் பொட்டு வெக்க மாட்டேன்" என்றார் அவர்.

ஒன்பதாம் நாள் கிளம்பினேன். பெட்டியில் டெம்போ டிரைவரின் எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஏழுமலை வாங்கி வைத்திருப்பார். பஸ் நகர்ந்தபோது யாழினியின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் ஜெர்மன் ஆபீஸில் போட்டோக்களைக் கொடுத்தேன். பெண்மணி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது மிகவும் ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேடு" என்றார். "ஆனால் கல்லூரியின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் ஏற்க முடியாது. ஒரு கேள்வி. இந்த மஞ்சள் கறை என்ன?"

சொன்னேன்.

"நீங்கள் ஆவணங்களை வழிபடுவீர்களா?"

"ஆமாம்" என்றேன். "படிக்க மாட்டோம்."

அவர் அதையும் குறித்துக்கொண்டார். கெடு இன்னும் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரின்சிபால் மேடம், அந்தப் பதினோரு பெண்களைக் காட்டி என்னை மிரட்டினீர்கள். அவர்களும் தினமும் வார்டில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். அவர்களுக்கும் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நாளைக்கு அவர்களுடைய ஆபீசரும் கால்குலேட்டரை எடுத்தால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்?

ஞானவேல் சார், உங்களிடம் நேரில் கேட்டதை எல்லோருக்கும் முன்னால் மறுபடி கேட்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? நான் எத்தனை மணி நேரம் வேலை செய்தேன்? பதிலை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, என் பேனர் தொங்கிய அதே கேட்டில், ரோட்டில் போகிறவர்கள் நின்று படிக்கிற உயரத்தில் ஒட்டுங்கள். அஞ்சலை அக்கா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். சந்தனம் வைக்க வேண்டாம்.